துளை வழியே ஒரு தாழ்ப்பாள்!

நோயாளி பிழைத்துவிட்டார்.

டாக்டர்தான் செத்துப்போயிருந்தார்!

நாற்காலியில் சாய்ந்து, தலையில் ஹெட்செட், காதில் ஹெட்போன், இரண்டு கைகளிலும் கைப்பிடிகள்... எதிரே திரையில் பச்சை எழுத்துகள் நிதானமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

'நோயாளியின் நிலைமை: சீர். தொடரலாம்.'

தொடரத்தான் ஆளில்லை.

இறந்தவர், அந்த ஆஸ்பத்திரியின் அறுவைசிகிச்சைப் பிரிவுத் தலைவர். கனத்த உடம்பு. கனத்த குரல். எல்லோரும் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். எதிரில் இருக்கும்போது மட்டும்.

அவர் கிடந்தது, பயிற்சி ஹாலின் மூலையில் இருந்த கண்ணாடி அறை. வெளியே ஹாலில் வரிசையாக சிமுலேட்டர்கள். ஹெட்செட்டை மாட்டினால் கண்முன்னே ஒரு நோயாளி படுத்திருப்பார். கைப்பிடிகளைப் பிடித்து அறுக்கலாம், தைக்கலாம், கொல்லலாம். அந்த ஹாலில் ஒரு வாரத்தில் செத்தவர்களைச் சேர்த்தால் ஒரு சின்ன ஊர் காலியாகியிருக்கும். யாரும் அழுததில்லை. ரீசெட் பட்டன் இருந்தது.

பெரியவருக்கு அந்த வசதி செய்து தரப்படவில்லை.

"ஹார்ட் அட்டாக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்படித்தான் சார் எல்லாரும் நினைச்சாங்க." கான்ஸ்டபிள் அம்மாள் சர்வீஸில் அவருக்கு மூத்தவர். எதற்கும் முகம் மாறாதவர். "கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. உடைச்சுத்தான் திறந்தாங்க. இதயக் கோளாறுள்ள மனுஷன் வேற. மாலை வாங்கக்கூட ஆள் அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"நம்ம போலீஸ் டாக்டர் சட்டைக் காலரை இறக்கிப் பார்த்தார் சார். கழுத்துக்குப் பின்னாடி ஒரு ஊசித் துளை. தசையை அப்படியே முடக்கற மருந்து. மூச்சு விடற தசையையும் சேர்த்து. ஆபரேஷன் தியேட்டர் அலமாரில பாட்டில் பாட்டிலா இருக்குமாம்."

"ஹெட்போன்ல பாட்டு, கண்ணுல பெட்டி... பின்னாடி வந்து நின்னது யாருன்னே தெரிஞ்சிருக்காது."

"கொடுத்து வெச்ச சாவு சார்."

"அதெல்லாம் ரிப்போர்ட்ல எழுதாதீங்க. சரி, குத்தினவன் வெளியே வந்துட்டான். தாழ்ப்பாள் உள்ளே இருக்கு. எப்படிப் போட்டான்?"

"ஆவியா வெளியே வந்திருப்பான் சார்."

"எழுதிக்கோங்க."

"எழுதிட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். அறைச் சுவரின் மேல்பாதி கண்ணாடி. கீழ்ப்பாதி மரப் பலகை. பலகையில், கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு துளை. எப்போதோ கேபிள் போன வழி. ஒரு விரல் நுழையும்.

துளையின் விளிம்பில் புதுக் கீறல்கள்!

விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். தாழ்ப்பாள் ஒரு முழம் தள்ளி இருந்தது.

"விரல் எட்டாது சார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஆனா இது எட்டும்."

கன்னம் வீங்கிய ஒருவர் நின்றிருந்தார். கையில் நீளமான மெல்லிய கம்பி. ஒரு முனையில் கத்தரிக்கோல் மாதிரி பிடி. மறுமுனையில் எறும்பு வாய் மாதிரி ஒரு கவ்வி.

"நீங்க?"

"மெஷின்காரன் சார். இங்க இருக்கற சிமுலேட்டரை எல்லாம் பார்த்துக்கறவன். பல்லு பிடுங்கப் போயிருந்தேன். கொலை நடந்தப்ப வாயைத் திறந்துட்டுப் பல் டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். அவரும் நர்ஸும் சாட்சி."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

"மரப்பு விட்டு வலிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு."

"அது என்ன கம்பி?"

"வயித்துல சின்னத் துளை போட்டு உள்ளே விட்டு வேலை பார்க்கற கவ்வி சார். பயிற்சிக்காக டிராயர்ல போட்டு வெச்சிருப்போம். இதால தாழ்ப்பாளைப் பிடிச்சு இழுக்கலாம். ஆனா..." மெஷின்காரர் தயங்கினார். "கை பழகியிருக்கணும்."

"காலைல இந்த ஹாலுக்குள்ள யாரெல்லாம் வந்தாங்க?"

"விரல் வெச்சாத்தான் வெளிக்கதவு திறக்கும். பெரியவர் விரல். அப்புறம் மூணு டாக்டர்ங்க விரல். பதிவுல வேற யாரும் இல்ல."

"அந்த மூணு பேரும் அப்ப எங்க இருந்தாங்க?"

"இங்கேயேதான் சார். ஆளுக்கு ஒரு மெஷின்ல."

"எதையாவது பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க சார். ஒருத்தர் பித்தப்பை பார்த்தார். ஒருத்தர் கண் பார்த்தார். ஒருத்தர் முட்டி எலும்பு."

"ஹெட்செட்?"

"ஹெட்செட்."

மூன்று கண்கண்ட சாட்சிகள். மூன்று பேர் கண்ணிலும் பெட்டி!

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மூணு பேரும் எதுக்கு ஒரே நேரத்துல வந்தாங்க?"

"பெரியவரோட ஆராய்ச்சி சார். ஒரு ஆபரேஷன்ல நல்லா கை வந்தவருக்கு இன்னொரு ஆபரேஷனும் வருமான்னு ஒப்பிட்டுப் பார்க்கறது. இன்னிக்கு அவங்கவங்க சொந்த வேலை. நாளைக்கு மெஷினை மாத்தி மாத்தி உட்கார வைக்கறதா இருந்தார்."

"வருமா?"

"வரவே வராதுன்னு அடிச்சுச் சொல்வார் பெரியவர். கை ஒரு தடவைதான் படிக்கும்பார்."

அப்போது போன் அடித்தது.

திரையில் 'வீடு' என்று வந்தது. மனைவியின் நம்பருக்கு அவர் வைத்திருந்த பெயர். மேலதிகாரியை நினைத்துக்கூட அப்படி நடுங்கியதில்லை இன்ஸ்பெக்டர்.

* * *

"என்னங்க... நீங்க எங்க ஆஸ்பத்திரிலதான் இருக்கீங்களாமே?" என்றாள் மனைவி.

"எங்க ஆஸ்பத்திரியா? எப்ப வாங்கினே?"

"விளையாடாதீங்க. அம்மா இங்க வலில துடிச்சிட்டிருக்காங்க. பித்தப்பை அழுகிப் போச்சாம். மத்தியானம் ஆபரேஷன். இப்ப வந்து நர்ஸ் சொல்றா, நீங்க டாக்டரை அரெஸ்ட் பண்ணப் போறீங்களாம்!"

"யாரையும் இன்னும் பண்ணல."

"பண்ணாதீங்க! வயித்து ஆபரேஷன் பண்ண இந்த ஆஸ்பத்திரில ரெண்டே பேர். ஒருத்தர்தான் காலைல போய்ட்டாரே. மிச்சம் இருக்கறது அந்தப் பித்தப்பை டாக்டர் அம்மா. அவங்களையும் நீங்க பிடிச்சுட்டுப் போய்ட்டா?"

"வேற ஆஸ்பத்திரிக்கு..."

"வழில வெடிச்சிடுமாம்!"

"சரி. ஒருவேளை அந்த அம்மாதான் கொலை பண்ணியிருந்தா? கத்தியைக் கையில குடுத்து உங்கம்மாவையும் முன்னாடி படுக்க வைக்கலாமா?"



"அப்ப அவங்க பண்ணலைன்னு மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிங்க," என்று போனை வைத்தாள். ஏதோ வரும்போது பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்ன மாதிரி.

வைத்த கையோடு மறுபடி அடித்தது. இந்த முறை மேலதிகாரி.

"என்னய்யா, துளை வழியா தாழ்ப்பாள் போட்டிருக்காமே? துளை வழியா வேலை பார்க்கறது அங்க யாரு?"

"பித்தப்பை டாக்டர் சார்."

"நேத்து பெரியவரோட வராந்தால நின்னு சண்டை போட்டது யாரு?"

"அவங்கதான் சார். அடுத்த தலைவர் பதவி விஷயமா."

"அப்புறம் என்ன? வண்டில ஏத்து. சாயங்காலம் டி.வி.காரங்க வர்றாங்க."

"சார், என் மாமியார்..."

"அவங்களுக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்?"

"இன்னும் இல்ல சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "சம்பந்தம் வந்துடக் கூடாதேன்னுதான் பார்க்கறேன்."

* * *

மாமியார்களைப் பற்றி மருமகன்கள் சொல்லும் நகைச்சுவைகள் எதுவும் இன்ஸ்பெக்டருக்குப் பொருந்தாது. அந்த வீட்டில் அவர் கட்சியில் இருந்த ஒரே ஆள், மாமியார்தான்.

கட்டிலில் சுருண்டு கிடந்தார். முகம் மஞ்சள். ஆனாலும் மருமகனைப் பார்த்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க மாப்ளே. சாப்பிட்டீங்களா?"

"அத்தை, நீங்க முதல்ல பேசாம படுங்க."

"என் டாக்டர் மேல சந்தேகமாமே? அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு மாப்ளே. என் வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு, 'பயப்படாதீங்க, பெருசா ஒண்ணும் இல்ல, எடுத்துக் குப்பைல போட்டுடலாம்'னா. எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா?"

"அவங்க கொலைகாரியா இருந்தா?"

மாமியார் யோசித்தார். வலி ஒரு அலை வந்து போனது. பல்லைக் கடித்து அது போகும்வரை காத்திருந்தார்.

"மாப்ளே... கெட்டவ கையால பொழைச்சா என்ன, நல்லவன் கையால செத்தா என்ன? கைதான் முக்கியம். குணமெல்லாம் டிஸ்சார்ஜ் ஆன பிறகு பார்த்துக்கலாம்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. போர்வையை இழுத்து அவர் மேல் போர்த்தினார். வெளியே வந்தார்.

கதவருகே பித்தப்பை டாக்டர் நின்றிருந்தார். குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி.

"இன்ஸ்பெக்டர், ஏழாம் ரூம் பித்தப்பை உங்க மாமியாராமே?"

"மாமியாரோட பித்தப்பை, டாக்டர்."

"எனக்கு அதுதான் அறிமுகம். இன்னும் தள்ளிப் போட முடியாது. என்னை அரெஸ்ட் பண்றதா இருந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் பண்ணுங்க. வேணும்னா தியேட்டர் வாசல்லயே நில்லுங்க."

"நேத்து பெரியவர்கிட்ட என்ன சொல்லிக் கத்தினீங்க?"

"'நீங்க செத்தாத்தான் இந்த நாற்காலி காலியாகும்'னு."

"டாக்டர்!"

"ஊரே கேட்டுச்சு. நான் மறைச்சா மட்டும் என்ன ஆகப்போகுது?"

இன்ஸ்பெக்டர் அவரை உற்றுப் பார்த்தார். ஒன்று, இவர் நிரபராதி. இல்லையென்றால் மிகவும் கைதேர்ந்தவர். இரண்டாவது உறுதியாகத் தெரியும். முதலாவதுதான் தெரியவில்லை.

"எல்லாரும் பயிற்சி ஹாலுக்கு வாங்க," என்றார். "பெரியவரோட நாளைய பரீட்சையை நான் இன்னிக்கே வைக்கப் போறேன்."

* * *

ஹாலில் மூன்று டாக்டர்கள். பித்தப்பை டாக்டரைத் தெரியும்.

அடுத்தவர் எலும்பு டாக்டர். கதவை அடைக்கும் அகலம். ஊருக்கே கேட்கும் சிரிப்பு.

மூன்றாமவர் கண் டாக்டர். ஒல்லி. மெல்லிய குரல். இரண்டு கைகளையும் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி மூலையில் நின்றிருந்தார்.

"முதல்ல நான்," என்று பித்தப்பை சிமுலேட்டர் முன் உட்கார்ந்தார் இன்ஸ்பெக்டர். ஹெட்செட்டை மாட்டினார். மற்றவர்களுக்குத் திரையில் தெரிந்தது.

வயிற்றின் உட்புறம். ஈரமான, பளபளக்கும் சிவப்பு. நடுவே ஒரு கிண்ணம். பக்கத்தில் மணிகள்.

"மணியை எடுத்துக் கிண்ணத்துல போடணும் சார்," என்றார் மெஷின்காரர். "எல்லாருக்கும் முதல் பாடம் அதுதான்."

இன்ஸ்பெக்டர் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினார்.

கவ்வி வலது பக்கம் போனது!

வலது பக்கம் தள்ளினார். இடது பக்கம் போய்க் கல்லீரலில் குத்தியது.

"மெஷின் ரிப்பேர்!"

"இல்ல சார். துளை வழியா போற கம்பி அப்படித்தான். பார்க்குல குழந்தைங்க ஆடற சீசாப் பலகை மாதிரி. இந்தப் பக்கம் இறங்கினா அந்தப் பக்கம் ஏறும். புதுசா உட்கார்றவங்க எல்லாருக்கும் கை தப்பான பக்கம்தான் போகும். எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் சரி. மாறிப் பழக மாசக்கணக்கா ஆகும்."

"பழகினப்புறம்?"

"தூக்கத்துல கூட மறக்காது சார்."

இதற்குள் இன்ஸ்பெக்டரின் நோயாளிக்கு மூச்சு நின்றுவிட்டது.

'நோயாளி இறந்துவிட்டார். மீண்டும் முயல்க.'

"நம்ம ஸ்டேஷன்ல இப்படி ஒரு பட்டன் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் சார்," என்றார் கான்ஸ்டபிள்.

அடுத்து எலும்பு டாக்டர் வந்தார்.

"சொல்லிட்டேன் சார், எங்க பிரிவுல சுத்தியல், ரம்பம், துரப்பணம். நுணுக்கமெல்லாம் பக்கத்து பில்டிங்." ஹா ஹா ஹா!

கைப்பிடியை வலது பக்கம் தள்ளினார். கவ்வி இடது பக்கம் ஓடியது. திட்டிக்கொண்டே இடது பக்கம் இழுத்தார். வலது பக்கம் ஓடியது. ஐந்து மணிகளில் ஒன்று கிண்ணத்துக்குள் போனது. மற்றவை கல்லீரலுக்குப் பின்னால் காணாமல் போயின. கடைசியில் கைப்பிடியே 'டக்' என்று கையோடு வந்துவிட்டது.

"இதையும் சேர்த்து எழுதவா சார்?" என்றார் கான்ஸ்டபிள்.

"பொதுச் சொத்துக்குச் சேதம்னு எழுதுங்க. அடுத்தவங்க."

மெஷின்காரர் கைப்பிடியைத் திரும்பப் பொருத்தினார். பித்தப்பை டாக்டர் நின்றபடியே ஹெட்செட்டை மாட்டினார். டக், டக், டக், டக், டக்... ஐந்து மணிகளும் கிண்ணத்தில்! கடிகாரத்தைப் பார்த்தார்.

"போகலாமா? நோயாளி காத்திருக்காங்க."

"இவ்வளவு நல்லா பண்ணினா உங்க மேலதான் சந்தேகம் வரும்னு தோணலையா?"

"வேணும்னே தப்பா பண்ணச் சொல்றீங்களா? கை கேக்காது சார்."

கை கேக்காது!

அந்த வார்த்தை இன்ஸ்பெக்டரின் மூளையில் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு நின்றது.

"கண் டாக்டர்... வாங்க."

"நான் இந்த மெஷினைத் தொட்டதே இல்லை, இன்ஸ்பெக்டர்," என்றார் கண் டாக்டர் மெதுவாக. "என் வேலை மைக்ராஸ்கோப் கீழே. ஒரு அரிசி அளவு இடத்துல."

"சும்மா பண்ணுங்க டாக்டர். எலும்பாரே பண்ணிட்டார்."

கண் டாக்டர் உட்கார்ந்தார். பையிலிருந்து கைகள் வெளியே வந்தன.

கவ்வி நடுங்கியது. மெல்லிய, விடாத நடுக்கம். முதல் மணியைத் தொட்டார். நழுவியது. இரண்டாவதைத் தூக்கிக் கீழே போட்டார். மூன்றாவது உருண்டது. ஒன்றுகூடக் கிண்ணத்துக்குள் போகவில்லை.

"எலும்பைவிட மோசம்!" ஹா ஹா ஹா!

எல்லோரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. கண் டாக்டரின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கம் இருந்தது... நழுவல் இருந்தது... தவறுகள் எல்லாமே இருந்தன.

ஒன்றைத் தவிர!

மெல்ல நகர்ந்து மெஷின்காரரின் காதருகே குனிந்தார். "இவர் நோயாளிக்கு மட்டும் ரத்தம் கொட்ட வைக்க முடியுமா? திடீர்னு?"

"முடியும் சார். எவ்வளவு?"

"உங்க மனசு எவ்வளவு தாராளமோ அவ்வளவு."

மெஷின்காரர் ஒரு பட்டனை அழுத்தினார்.

பீறிட்டது!

திரை முழுக்கச் சிவப்பு. பீப்... பீப்... பீப்... அபாய ஒலி அலறியது. எலும்பு டாக்டர் "ஐயோ" என்று ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

கண் டாக்டரின் கைகள் அசைந்தன.

இடது கை வலது பக்கம் போனது. கவ்வி இடது பக்கம் பாய்ந்து பித்தப்பையைப் பிடித்துத் தூக்கியது. வலது கை ஒரு சுழற்று. ரத்தக் குளத்துக்குள் கண்ணுக்கே தெரியாமல் கிடந்த அறுந்த குழாயை, ஒரே பிடி!

ரத்தம் நின்றது.

பீப் நின்றது.

'நோயாளியின் நிலைமை: சீர். தொடரலாம்.'

"அப்பாடா..." கண் டாக்டர் மூச்சை விட்டார். "பிழைச்சுட்டார்."

ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அன்று காலை ஒரு ஊசி ஏற்கெனவே யாருக்கும் கேட்காமல் இறங்கியிருந்தது என்பது வேறு விஷயம்.

"யாரு டாக்டர் பிழைச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர் மிருதுவாக.

கண் டாக்டர் ஹெட்செட்டைக் கழற்றினார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார், அவை வேறு யாருடையவையோ போல.

"எல்லாத் தப்பும் பண்ணினீங்க டாக்டர். நானும் பண்ணினேன், எலும்பாரும் பண்ணினார். ஆனா நாங்க ரெண்டு பேரும் முதல்ல பண்ணினதை நீங்க ஒரு தடவைகூடப் பண்ணல. தப்பான பக்கம் போகவே இல்ல. மெஷினைத் தொட்டதே இல்லைன்னு பொய்தானே சொன்னீங்க?"

"பொய் இல்ல சார். மெஷினைத் தொட்டதில்ல." குரல் இன்னும் மெல்லியதாயிற்று. "வீட்ல ஒரு அட்டைப் பெட்டி... ரெண்டு ஓட்டை போட்டு, உள்ளே பட்டாணியைப் போட்டு... ஒரு வருஷமா பழகினேன். பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு வீட்ல அழுதாங்க."

"எதுக்கு டாக்டர்?" பித்தப்பை டாக்டர் திகைத்துப்போய்க் கேட்டார்.

"கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சும்மா. கண்ணுல ஒரு மயிரிழை நடுங்கினா பார்வை போயிடும். வயித்துல அவ்வளவு துல்லியம் வேண்டாம், அங்க மாறிடலாம்னு நினைச்சேன். பெரியவர்கிட்ட கெஞ்சினேன். 'கை ஒரு தடவைதான் படிக்கும். மெஷின் மாத்தற பரீட்சைல உனக்கு இடமில்ல. நாளையிலேருந்து நீ எந்தக் கத்தியையும் தொடக் கூடாது'ன்னுட்டார். நான் கத்துக்கிட்டேன், பாருங்கன்னேன். பார்க்கவே மாட்டேன்னுட்டார் சார்!"

"அதனால காட்டிட்டீங்க."

"ஹார்ட் அட்டாக்னு நினைச்சிடுவாங்கன்னு..."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே உட்கார வெச்சுக் கத்துக்குடுத்திருப்பேனே டாக்டர்!"

கண் டாக்டர் தலை நிமிரவில்லை. "உங்க மேல பழி வரும்னு சத்தியமா நினைக்கலம்மா."

"அது சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "இது வெறும் படம்னு தெரியும். மாட்டிக்குவோம்னும் தெரியும். பேசாம சாக விட்டிருக்கலாமே?"

"ரத்தத்தைப் பார்த்தா கை சும்மா இருக்காது சார்."

"காலைல ரத்தமே வராத மாதிரி பார்த்துக்கிட்டீங்க. அதான் கை சும்மா இருந்திருக்கு."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். விலங்கு மெலிதாகக் கிலுகிலுத்துக்கொண்டே இருந்தது. அதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

"பெரியவர் தோத்துட்டார் சார்," என்றார் மெஷின்காரர் வீங்கிய கன்னத்தைத் தடவியபடி. "ஒரு வேலைல கை வந்தவருக்கு இன்னொரு வேலையும் வரும்னு ஆயிடுச்சு."

"அவருக்குச் சொல்லி அனுப்பத்தான் வழியில்ல."

பித்தப்பை டாக்டர் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். ஏழாம் ரூமை நோக்கி.

* * *

"அரெஸ்ட் ஆச்சாய்யா?" போனில் மேலதிகாரி.

"ஆச்சு சார்."

"பித்தப்பைதானே?"

"இல்ல சார். கண்."

"என்னய்யா இது, ஆளை ஆளா அரெஸ்ட் பண்ணாம உறுப்பு உறுப்பா சொல்றே! டி.வி.காரங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"கை பேசிடுச்சுன்னு சொல்லுங்க சார்."

வைத்துவிட்டார். தியேட்டர் வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவள் கையை அவர் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

கதவு திறந்தது!

பித்தப்பை டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "எடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா வெடிச்சிருக்கும். இப்ப நல்லா இருக்காங்க."

இன்ஸ்பெக்டர் அப்படியே சுவரில் சாய்ந்தார். காலையிலிருந்து முதல் முறையாக முழு மூச்சு விட்டார். "உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க டாக்டர்."

"பரவாயில்ல. உங்க மாமியாருக்கு மயக்கம் தெளியறப்ப முதல் வார்த்தை 'மாப்ள சாப்பிட்டாரா'. அதைக் கேட்டா யாரும் எதையும் மன்னிப்பாங்க."

மாலையில் மாமியார் எழுந்து சாய்ந்து உட்காரவே ஆரம்பித்துவிட்டார். முகத்தில் வலி இல்லை. சிரிப்பு இருந்தது.

"பார்த்தீங்களா மாப்ளே, நான் சொல்லலை? நல்ல பொண்ணு. நீங்கதான் காரணமே இல்லாம பயந்தீங்க."

"ஆமா அத்தை. ஆபத்து உங்க பக்கத்துலயே வரல."

"வயிறு ஒரு வழியா முடிஞ்சுது. அடுத்து கண்தான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எந்தக் கண்?"

"ரெண்டும்தான் மாப்ளே. புரை விழுந்திருக்காம். நேத்து சாயங்காலம் கண் டாக்டர் வந்து பார்த்தார். எவ்வளவு தன்மையான மனுஷன்! என் கண்ணுல டார்ச் அடிக்கறப்ப பாவம், கை லேசா நடுங்குச்சு. கூச்ச சுபாவம் போலிருக்கு."

"நான் தேதியே வாங்கிட்டேன்," என்றாள் மனைவி பெருமையாக. "வேற யாருக்கும் கிடைக்காதாம். அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். அடுத்த வாரம் முதல் ஆபரேஷனே அம்மாவுக்குத்தான்!"

இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். காலையிலிருந்து மாமியாரை எந்தக் கையிலிருந்து காப்பாற்ற ஓடினாரோ, அது மாமியாரைக் காப்பாற்றிய கை. பிடித்து விலங்கு மாட்டிய கைதான்...

பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். அது மாமியாருக்கு வைத்த தண்ணீர்.

"என்ன மாப்ளே, பேச்சையே காணோம்? அந்த டாக்டர் இப்ப இருப்பாரா? போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"இனிமே அவர் நம்மளைப் பார்க்க முடியாது, அத்தை," என்றார் இன்ஸ்பெக்டர். "நாமதான் அவரைப் போய்ப் பார்க்கணும்... ஜெயிலருக்கு மனு போட்டு!"